களிக்கு ஸ்கேல் வைத்துப் பார்த்தோம்

நெய்க்காரப்பட்டியில் வெல்லத்தைப் பற்றி யாரும் யாருக்கும் பாடம் எடுக்க முடியாது. பழநியை ஒட்டிய இந்த ஊரில் வெல்லத்துக்கென்றே சந்தை இருக்கிறது. சுற்றிலும் கரும்பு, நெல், மக்காச்சோளம். பொங்கல் வைக்கிற எந்த வீட்டில் கேட்டாலும், "அரிசி நல்லா வெந்து குழைஞ்சப்புறந்தான் வெல்லத்தைப் போடோணும், முன்னாடியே போட்டா அரிசி வேகாது" என்பார்கள். ஏன் வேகாது என்று கேட்டால், "அது அப்படித்தான் கண்ணு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த "அப்படித்தான்" மேல்தான் எனக்குக் கண். நடுநிலைப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். தெருப்பிள்ளைகள் விடுமுறை நாட்களில் வீட்டுக்கு வருவார்கள். பீக்கர், பியூரெட் எதுவும் என்னிடம் இல்லை. எவர்சில்வர் டம்ளர், முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல், மேசைக்கரண்டி, சுவர்க்கடிகாரம் இருக்கின்றன. கூடவே அரிசி மாவு, ராகி மாவு, ஜவ்வரிசி, கார்ன்ஃப்ளார். இவற்றை வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்குத் தேவையான சோதனைகளைச் செய்துவிடலாம்.

நம் ஆட்களுக்கு ஜெல் புதிதல்ல. களி ஒரு ஜெல். ஆறிய கூழின் மேலே படிகிற ஆடை ஒரு ஜெல். கூழ்வடாம், காயவைத்த ஜெல். சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு மொறமொறப்புக் கொடுக்கும் கஞ்சியும், தறியில் ஏற்றுமுன் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியும் அதே சரக்குதான். பக்குவம் நம் கையில் தலைமுறைகளாக இருக்கிறது. அந்தப் பக்குவத்துக்கு ஓர் எண்ணும் ஒரு நேரமும் எழுதி வைத்தால் அது சோதனையாகிவிடும். நான் பிள்ளைகளிடம் கேட்பது இவ்வளவுதான்.

கெட்டியாவது எப்படி?

மாவுச்சத்து, அதாவது ஸ்டார்ச், செடிக்குள் நுண்ணிய மணிகளாகச் சேர்ந்திருக்கிறது. பச்சைத் தண்ணீரில் போட்டால் இந்த மணிகள் கரையாது. கொஞ்ச நேரத்தில் அடியில் தங்கிவிடும். சுடவைத்தால் கதை மாறுகிறது. சுமார் 60 முதல் 75 டிகிரிக்குள், எந்த மாவு என்பதைப் பொறுத்து, மணிகள் தண்ணீரை உறிஞ்சி ஊதத் தொடங்கும். ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கும்போது பாத்திரத்தில் உள்ளது கெட்டிப்படும். கரண்டி கனக்கிற அந்தக் கணத்தை அடுப்படியில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும்.

அதோடு முடிவதில்லை. ஒவ்வொரு மணிக்குள்ளும் இரண்டு வகை மூலக்கூறுகள் இருக்கின்றன. அமைலோஸ் என்பது கிளை இல்லாத நீண்ட சங்கிலி. அமைலோபெக்டின் கிளை கிளையாகப் பிரிந்தது. பெரும்பாலான மாவுகளில் முன்னது ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இருக்கும், மீதி பின்னது. கொதிக்கும்போது அமைலோஸ் மணியிலிருந்து வெளியே கசிகிறது. ஆறும்போது அந்தச் சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு பின்னலாகின்றன. தண்ணீர் அந்தப் பின்னலுக்குள் மாட்டிக்கொள்கிறது. கொதிக்கிற கஞ்சி கெட்டியான திரவம். ஆறிய களி ஜெல்.

இந்தப் பின்னல் சுலபத்தில் அவிழாது. மிஞ்சிய களி உருண்டையை ராத்திரி தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் அது கரையாமல் உருண்டையாகவே கிடப்பது அதனால்தான். பச்சை மாவை அள்ளித் தண்ணீரில் போட்டால் கலங்கிவிடும். அதே மாவை வேகவைத்து ஆறவிட்டால் தண்ணீருக்கே அசையாது. என் பிள்ளைகளுக்கு இதை முதல் நாளிலேயே காட்டிவிடுவேன், சமைக்கிற வேலைகூடக் கிடையாது. யார் வீட்டிலாவது களி மிஞ்சியிருந்தால் போதும்.

ஒன்றுக்குப் பத்து

எல்லாச் சோதனைக்கும் அடிப்படையாக ஒரே அளவு வைத்திருக்கிறோம்: ஒரு பங்கு மாவு, பத்துப் பங்கு தண்ணீர். 200 மில்லி தண்ணீருக்கு 20 கிராம் கார்ன்ஃப்ளார். தராசு இல்லாதவர்கள் மேசைக்கரண்டியில் தலைதட்டி இரண்டரைக் கரண்டி போட்டால் ஏறக்குறைய சரியாக வரும். கடையில் பாக்கெட்டில் வருகிற வெள்ளைவெளேர் கார்ன்ஃப்ளார்தான் வேண்டும். மில்லில் அரைத்த மஞ்சள் மக்காச்சோள மாவில் புரதமும் தவிடும் கலந்திருக்கும். ஜெல் வேறு மாதிரி வரும்.

கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். மீதித் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கரைத்ததை ஊற்றிக் கிளறுங்கள். கெட்டியான பிறகும் சின்னத் தீயில் இரண்டு நிமிடம் கொதிக்கட்டும். இல்லாவிட்டால் பச்சை மணிகள் மிஞ்சும், ஜெல் பலவீனமாக நிற்கும். இறக்கிய பிறகு கிளறக் கூடாது. ஊதி நிற்கிற மணிகள் உடைந்து நீர்த்துவிடும். உள்ளே தண்ணீர் தடவிய டம்ளரில் ஊற்றி, இரண்டு மூன்று மணி நேரம் ஆடாமல் ஆறவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கொதிக்கும் மாவுக்கூழ் கையில் தெறித்தால் வெந்நீரைவிட மோசமாகச் சுடும், ஒட்டிக்கொண்டு விடாது. அடுப்பு வேலை பெரியவர்களுடையது. பிள்ளைகள் அளக்கலாம், எழுதலாம், வேடிக்கை பார்க்கலாம்.

கவிழ்த்து அளப்பது

கட்டட வேலை நடக்கிற இடத்தில் மேஸ்திரியோ இன்ஜினியரோ ஒரு இரும்புக் கூம்பில் கான்கிரீட்டை நிரப்பி, கூம்பைத் தூக்கிவிட்டு, கான்கிரீட் எவ்வளவு அமர்ந்தது என்று அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்லம்ப் டெஸ்ட் என்பார்கள். அதையே நாங்கள் டம்ளரில் செய்கிறோம். ஆறிய ஜெல்லைத் தட்டில் கவிழ்த்து, டம்ளருக்குள் இருந்த உயரத்தையும் வெளியே நிற்கும் உயரத்தையும் குறித்துக்கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த மாவின் மதிப்பெண்.

கார்ன்ஃப்ளார் நிமிர்ந்து நிற்கும். வெள்ளையாக, ஒளி புகாமல், கத்தியால் துண்டு போடலாம். இட்லி அரிசி மாவும் நன்றாகவே நிற்கும். மரவள்ளிக்கிழங்கு மாவு, அதாவது எங்கள் பக்கத்துப் பேச்சில் குச்சிக்கிழங்கு மாவு, கண்ணாடி மாதிரி தெளிவாக வரும். ஆனால் டம்ளரை எடுத்ததும் உட்கார்ந்துவிடும், கரண்டியில் எடுத்தால் நூலாக நீளும். உருளைக்கிழங்கு மாவும் தெளிவுதான். ராகி மாவில் நார், புரதம் எல்லாம் சேர்ந்திருப்பதால் அதைத் தனி வரிசையில் எழுதுவோம்.

காரணம் அமைலோஸ் கணக்கில் இருக்கிறது. மக்காச்சோள ஸ்டார்ச்சில் சுமார் கால் பங்கு அமைலோஸ். மரவள்ளியில் அதைவிடக் குறைவு, நூற்றுக்குப் பதினேழு முதல் இருபதுவரை. பின்னுவதற்குச் சங்கிலி குறைந்தால் பின்னல் தளர்கிறது. இட்லி அரிசியில் அமைலோஸ் அதிகம், அதனால்தான் சோறு பொலபொலவென்று உதிரியாக நிற்கிறது, மாவு கெட்டியாக இறுகுகிறது.

ஜவ்வரிசியும் மரவள்ளிதான். சேலம் பக்கம் கிழங்கை அரைத்து, பாலைத் தங்கவைத்து, ஈர மாவைத் துணியில் போட்டு ஆட்டி உருட்டி, சூடான தட்டில் வாட்டிக் காயவைக்கிறார்கள். அந்த வாட்டலில் மேல்தோல் மட்டும் பாதி வெந்து உருண்டையைப் பிடித்துக்கொள்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்காக சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981இல் வந்தது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாயசத்தில் ஜவ்வரிசி கண்ணாடியாக மாறும்போது, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்பதைக் கவனியுங்கள். தண்ணீரும் சூடும் இன்னும் எட்டாத இடம் அது. வெள்ளைப் புள்ளி மறைய எத்தனை நிமிடம் என்று எழுதினால் அதுவும் ஒரு சோதனை.

வெல்லம் விழுந்த டம்ளர்

இப்போது ஆரம்பத்தில் விட்ட கேள்விக்கு வரலாம். ஒரு பாத்திரத்தில் 200 மில்லி தண்ணீர், 20 கிராம் கார்ன்ஃப்ளார். இன்னொன்றில் அதே அளவு தண்ணீர், அதே மாவு, கூடவே கரைத்து வடிகட்டிய 150 கிராம் வெல்லம். இரண்டையும் ஒரே தீயில் வைத்துக் கிளறுகிறோம். எது முதலில் கெட்டியாகிறது?

வெல்லமில்லாததுதான். ஆனால் இதைக் கேட்டதும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மடக்கினான். "டீச்சர், வெல்லம் போட்டதுல சரக்கு அதிகமா இருக்குதுங்க. சூடாக லேட்டாகும். அதனால லேட்டாக் கெட்டியாயிருக்கலாமுங்களே?" சரியான கேள்வி. கடிகாரம் மட்டும் போதாது, தெர்மாமீட்டர் வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் விலை அதிகமில்லை; காய்ச்சலுக்கு வைக்கிறதை இதில் விட்டால் வெடித்துவிடும். எத்தனை நிமிடம் என்று பார்க்காமல், எந்த டிகிரியில் கரண்டி கனக்கிறது என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். வெல்லம் சேர்ந்தது இன்னும் அதிகச் சூட்டில்தான் கெட்டிப்படுகிறது. ஆறிய பிறகு கவிழ்த்தால் அது தளர்ந்தும் நிற்கிறது.

சர்க்கரை தண்ணீரைத் தன்பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறது. மணிக்குக் கிடைக்கிற தண்ணீர் குறைகிறது, ஊதுவதற்கு அதிகச் சூடு தேவைப்படுகிறது. பொங்கலில் நடப்பதும் இதே. அரிசிமணி வெந்து குழைந்த பிறகு வெல்லம் வந்தால் பிரச்சினை இல்லை. முன்னாலேயே வந்தால் தண்ணீருக்குப் போட்டி. பொங்கல் வைக்கிற ஆத்தாக்கள் காரணம் சொல்லவில்லையே தவிர, விதியைச் சரியாகவே பிடித்து வைத்திருக்கிறார்கள்.

புளிப்புக்கும் ஒரு டம்ளர் வையுங்கள். மாவு வேகும்போதே எலுமிச்சைச் சாறு விட்டு நெடுநேரம் கொதிக்கவைத்தால் அமிலம் சங்கிலிகளை வெட்டிவிடும், கூழ் நீர்த்துப்போகும். இறக்கிய பிறகு விட்டால் அந்தச் சேதம் பெரிதாக இருக்காது. புளிக்குழம்பு நீர்த்தால் மாவை எப்போது கரைத்து ஊற்றுவது என்பதற்கும் இதுவே பதில்: கடைசியில்.

எச்சிலால் எழுதிய பெயர்

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். இதற்கு நீர்த்த ஜெல் வேண்டும்: 200 மில்லிக்கு இரண்டு தேக்கரண்டி கார்ன்ஃப்ளார் போதும். கூழை எவர்சில்வர் தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி ஆறவிடுங்கள். காதுக்கு வைக்கிற பஞ்சுக்குச்சியை அவரவர் வாயில் நனைத்து, படலத்தின் மேல் முதலெழுத்தை மென்மையாக எழுதச் சொல்லுங்கள். எழுதியது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அரைமணி நேரம் வெயில் படாத வெதுவெதுப்பான இடத்தில் மூடிவையுங்கள்.

பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் மருந்து, புண்ணுக்குப் போடுவது, ஒரு தேக்கரண்டிக்குப் பத்துத் தேக்கரண்டி தண்ணீர் சேர்த்து மெதுவாக ஊற்றுங்கள். தட்டு முழுக்கக் கருநீலமாகும். எழுதிய இடத்தில் மட்டும் நீலம் ஏறாது. "ம", "க", "செ" என்று வெளிறிய எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வரும்போது பிள்ளைகள் போடுகிற கூச்சல் தெருமுனைவரை கேட்கும்.

அயோடின் மூலக்கூறுகள் அமைலோஸ் சங்கிலியின் சுருளுக்குள் புகுந்துகொள்வதால் வருகிற நிறம் அது. எச்சிலில் உள்ள அமைலேஸ் நொதி அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டால் புகுவதற்குச் சுருள் இல்லை, நிறமும் இல்லை. எச்சிலைக் கொதிக்கவைத்து அதே மாதிரி எழுதினால் எழுத்து வராது. சூட்டில் நொதி செயலிழந்துவிடுகிறது. அவரவர் எச்சில், அவரவர் குச்சி, முடிந்ததும் குப்பை. இதில் சலுகை கிடையாது.

முளைகட்டிய ராகியையும் இதே தட்டில் சோதிக்கலாம். முளைத்த தானியங்களை நசுக்கி வைத்தால் அவற்றைச் சுற்றி வெளிறிய வட்டம் விழும். முளைக்கும் விதை தன் மாவைத் தானே கரைத்துத் தின்பதற்கு அமைலேஸ் தயாரிக்கிறது. 1980களில் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் குழுவினர் இதைக் குழந்தை உணவில் பயன்படுத்திக் காட்டினார்கள். கெட்டிக் கஞ்சியில் முளைதானிய மாவு கொஞ்சம் சேர்த்தால் அது நீர்த்துவிடும்; அதே கிண்ணத்தில் அதிகத் தானியம் போட்டும் குழந்தையால் சிரமமில்லாமல் விழுங்க முடியும். வீட்டு ராகிமால்ட்டின் பின்னால் இருக்கிற வேலை இதுதான்.

இங்கே ஒரு பொறி வைப்பது என் வழக்கம். நீலத் தட்டில் ஒரு சொட்டு நெல்லிக்காய்ச் சாறு விடச் சொல்வேன். அந்த இடம் உடனே வெளுத்துவிடும். "நெல்லிக்காயிலும் நொதி இருக்குதுங்க டீச்சர்!" என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். அப்போது அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் அயோடினை விடச் சொல்வேன். நீலம் திரும்பிவிடும். அப்படியென்றால் மாவு அங்கேதான் இருந்திருக்கிறது. நெல்லிக்காயில் உள்ள வைட்டமின் சி அயோடினைத்தான் நிறமில்லாததாக மாற்றியது, மாவைத் தொடவில்லை. எச்சில் எழுத்தின் மேல் எவ்வளவு அயோடின் விட்டாலும் பழைய நீலம் வராது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு வெளுப்புகளைப் பிரித்துக் காட்டுவதற்கு இன்னொரு சொட்டு போதும். துணியில் அயோடின் கறை பட்டாலும் நெல்லிக்காய்ச் சாறே கைகொடுக்கும்.

நிறம் நகர்கிற வேகம்

ஒரு டம்ளர் தண்ணீரில் மைச்சொட்டு விட்டால் அது சுழன்று சுழன்று பரவும். தண்ணீரே ஓடிக்கொண்டிருப்பதால் மை தானாக எவ்வளவு நகர்ந்தது என்று சொல்ல முடியாது. ஜெல்லில் தண்ணீர் ஓட வழியில்லை. அதில் எது நகர்ந்தாலும் மூலக்கூறுகள் தாமாக நகர்ந்ததுதான். ஆய்வகங்கள் ஜெல்லை விரும்பும் காரணங்களில் இது ஒன்று.

வேலியில் பூக்கும் நீலச் சங்குப்பூவைப் பறித்து வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீல நீரில் ஒன்றுக்குப் பத்து ஜெல் செய்து தட்டில் ஊற்றுங்கள். இறுகியதும் ஜூஸ் ஸ்ட்ராவால் மூன்று குழிகள் குத்துங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் சலவைச் சோடா கரைசல், ஒன்றில் வெறும் தண்ணீர். எலுமிச்சைப் பக்கம் ஊதாவாகும், சோடாப் பக்கம் பச்சையாகும், தண்ணீர்க் குழி அப்படியே நிற்கும். நிற எல்லை குழியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று ஒரு மணி நேரத்திலும் நான்கு மணி நேரத்திலும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள்.

நேரம் நான்கு மடங்கானதும் தூரமும் நான்கு மடங்காகும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ஏறக்குறைய இரண்டு மடங்குதான் வரும். ஒன்பது மணி நேரம் காத்திருந்தால் மூன்று மடங்கு. மூலக்கூறு நேர்கோட்டில் போவதில்லை; தட்டுத்தடுமாறி எல்லாப் பக்கமும் அலைகிறது. தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தோடுதான் கூடும் என்பதை 1905இல் ஐன்ஸ்டீன் கணக்குப் போட்டுக் காட்டினார். எலுமிச்சைச் சாற்றையும் சங்குப்பூவையும் வைத்து அந்தக் கணக்கை வீட்டுத் தட்டில் பார்க்கலாம்.

மின்சாரத்தையும் சேர்க்கலாம். மஞ்சள்தூளும், மருந்துக்கடையில் கிடைக்கும் பேதி உப்பும் ஒவ்வொரு சிட்டிகை போட்டுச் செய்த ஜெல்லில், இரண்டு பக்கமும் சீவிய பென்சில் இரண்டைக் குத்தி, ஒரு 9 வோல்ட் பேட்டரியின் முனைகளோடு கம்பியால் இணையுங்கள். எதிர்முனைப் பென்சிலைச் சுற்றி மஞ்சள் சிவக்கும், அங்கே காரம் உருவாகிறது. பேட்டரி மட்டும்தான். சுவர் பிளக் பக்கம் யாரும் போகக் கூடாது. அந்த விதியை நான் இரண்டு முறை சொல்வேன், பிறகு பிள்ளைகளையே திருப்பிச் சொல்லச் சொல்வேன்.

சட்டைக்குப் போட்ட கஞ்சி

கஞ்சியை வைத்து விளையாடுவதெல்லாம் பெரிய ஆய்வில் சேருமா என்று கேட்பவர்களுக்கு ஆலிவர் ஸ்மித்திஸ் கதையைச் சொல்வேன். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1925இல் பிறந்தவர். 1950களில் கனடாவில், டொராண்டோவின் கன்னாட் மருத்துவ ஆய்வகத்தில் இன்சுலின் பற்றி ஆராய்ந்தார். அப்போது புரதங்களை ஈரக் காகிதத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சிப் பிரிப்பார்கள். இன்சுலினோ காகிதத்தில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. காகிதத்துக்குப் பதிலாக ஈர மாவுமணிகளைப் பரப்பிப் பிரிக்கிற முறையும் இருந்தது. அதில் ஒட்டல் இல்லை. ஆனால் முடிந்ததும் மாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். தனியாளுக்கு அது தாங்காத வேலை.

சின்ன வயதில் அம்மா துணி துவைக்கும்போது கூட நின்றவர் அவர். அப்பாவின் சட்டைக்குப் போட்ட கஞ்சி ஆறினால் இறுகி ஜெல்லாகிவிடும் என்பது நினைவுக்கு வந்தது. மாவை வேகவைத்து இறுகவிட்டால் ஒரே கட்டி கிடைக்கும். கடைசியில் வெட்டவே வேண்டாம், கட்டியையே சாயத்தில் நனைத்தால் புரதங்கள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். 1954 ஜனவரியில் செய்து பார்த்தார். 1955இல் கட்டுரை வெளிவந்தது.

எதிர்பாராத லாபமும் கிடைத்தது. அந்தப் பின்னலின் இடைவெளிகள் புரத மூலக்கூறுகளின் அளவுக்குப் பக்கத்தில் இருந்ததால், ஜெல் ஒரு சல்லடையாக வேலை செய்தது. சின்னவை முன்னால் ஓடின, பெரியவை பின்தங்கின. காகிதத்தில் ஐந்து குழுக்களாகத் தெரிந்த ரத்தநீர்ப் புரதங்கள், மாவு ஜெல்லில் அதைவிட எவ்வளவோ அதிகமான பட்டைகளாகப் பிரிந்தன. ஒருவர் பட்டைகளும் இன்னொருவர் பட்டைகளும் ஒத்துப்போகவில்லை. அந்த வேறுபாடு பரம்பரையாக வருகிறது என்பதும் அங்கிருந்துதான் தெரிந்தது. ஸ்மித்திஸுக்கு 2007இல் நோபல் பரிசு கிடைத்தது, மரபணுவைக் குறிவைத்து மாற்றும் வேறொரு வேலைக்காக. மாவு ஜெல்லின் இடத்தைப் பின்னாளில் வேறு ஜெல்கள் பிடித்தன. புரதத்தையோ டிஎன்ஏவையோ ஜெல்லில் ஓடவிட்டுப் பிரிக்கும் பழக்கம் இன்றும் ஆய்வகங்களில் இருக்கிறது.

மாவுக்கு ஆகாத வேலை

எல்லாவற்றுக்கும் மாவு ஜெல் பொருந்தாது. கிருமி வளர்த்துப் பார்க்கலாமா என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. வேண்டாம். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் மாவே சாப்பாடு. ஜெல்லைத் தின்று நீர்க்கவைத்துவிடும், எது வளர்ந்தது என்றும் தெரியாது, ஆபத்தும் உண்டு. கிருமி ஆய்வின் முன்னோடியான ராபர்ட் காக் முதலில் வெட்டிய உருளைக்கிழங்கிலும் பிறகு ஜெலட்டினிலும் கிருமி வளர்த்தார். ஜெலட்டின் உடல்சூட்டிலேயே உருகிவிடும். அகர் போட்டுப் பார்க்கலாம் என்று 1881இல் யோசனை சொன்னவர் ஃபேனி ஹெஸ்ஸே. கணவர் காக்கின் ஆய்வகத்தில் வேலை செய்தார், ஃபேனி வீட்டில் பழ ஜெல்லிக்கு அகர் சேர்ப்பவர். கிருமி ஆய்வுக்கூடங்களில் இன்றைக்கும் அகர்தான்.

அகர் நமக்கு அந்நியம் இல்லை. நோன்பு காலத்தில் முஸ்லிம் வீடுகளில் காய்ச்சுகிற கடல்பாசி அதுதான். மன்னார் வளைகுடாக் கரையில் பெண்கள் மூழ்கி மரிக்கொழுந்துப்பாசியும் கஞ்சிப்பாசியும் எடுக்கிறார்கள். அகருக்கு மூலப்பொருள் அவை. வீட்டிலேயே ஒப்பிடலாம். அகர் 40 டிகிரிக்குக் கீழே இறுகும், 85 டிகிரிக்கு மேல் சுடவைத்தால் திரும்ப உருகும். இறுகிய மாவு ஜெல்லை அப்படிப் பழைய கூழாக்க முடியாது. துண்டு போட்டுத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் துண்டுகளாகவே மிதக்கும்.

மாவு ஜெல்லை ஃப்ரிட்ஜில் மூன்று நாளைக்கு மேல் வைக்காதீர்கள். மூடிக்குள் பூசணம் பூத்தால் திறக்காமல் தூக்கிப் போடுங்கள். போடுமுன் ஒரு சோதனை மட்டும் மிச்சமிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள கார்ன்ஃப்ளார் ஜெல் ஒன்றை ஃப்ரீசரில் உறையவைத்து, வெளியே எடுத்து உருகவிடுங்கள். பிழிந்தால் தண்ணீர் கொட்டும், கையில் பஞ்சு மாதிரி ஒரு கட்டி மிஞ்சும். பனிக்கட்டி உருவாகும்போது சங்கிலிகள் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு, உள்ளே வைத்திருந்த தண்ணீரை வெளியே தள்ளிவிடுகின்றன. வெளிவந்த தண்ணீரை அளந்துவிட்டால் இன்னொரு எண் கிடைக்கும். குழம்பை ஃப்ரீசரில் வைத்தவர்களுக்கு இந்தச் சங்கதி முன்பே தெரிந்திருக்கும்.

நோட்டில் ஐந்து கட்டம்

எங்கள் நோட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் ஐந்து கட்டங்கள்: என்ன மாவு, எவ்வளவு மாவு, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் ஆறியது, எவ்வளவு அமர்ந்தது. ஒரே மாவை இரண்டு பேர் தனித்தனியே செய்து இரண்டு எண்ணையும் எழுத வேண்டும். இரண்டும் ரொம்ப விலகினால் மூன்றாவது ஆள் செய்வார். யாருடைய எண் சரி என்று நான் தீர்ப்புச் சொல்வதில்லை.

இப்போது பிள்ளைகள் எடுத்துக்கொண்டிருப்பது புது அரிசியும் பழைய அரிசியும். அறுவடையான கையோடு அரைத்த அரிசி குழையும், ஒரு வருடம் கிடந்த அரிசி உதிரியாக வரும் என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். அரிசி பழசாகும்போது மணியைச் சுற்றியுள்ள புரதமும் கொழுப்பும் மாறுகின்றன, அதனால் மணி ஊதுவது குறைகிறது என்று புத்தகம் சொல்கிறது. ஒரே வயலில் விளைந்த ஒரே ரகத்தில், இந்த வருடத்து அரிசியையும் போன வருடத்து அரிசியையும் ஒன்றுக்குப் பத்து ஜெல் செய்து கவிழ்த்தால் எத்தனை மில்லிமீட்டர் வித்தியாசம் வரும் என்பது எந்தப் புத்தகத்திலும் எங்கள் ஊர் ரகத்துக்கு எழுதியிருக்காது. உங்கள் வீட்டுக் குதிரில் இரண்டு வருடத்து அரிசியும் இருந்தால், இரண்டு டம்ளரும் ஒரு ஸ்கேலும் எடுத்து நீங்களே எழுதிவிடலாம்.